நாலுக்கு இருபத்தஞ்சு

நாகல்நகர், திண்டுக்கல்
வியாழக்கிழமை, மதியம்

அன்பு மகன் பழனிக்குமாருக்கு உன் அம்மா எழுதுறது. இங்கே நானும் உன் மக ஜீவிதாவும் காய்ச்சல் தலைவலின்னு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்கே நீயும் மகேஸ்வரியும் அதே மாதிரி இருக்கணும்னு கோட்டை மாரியம்மனை நினைச்சுக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் வீடியோவுல மூஞ்சியைப் பார்க்கிறோமே, பிறகு எதுக்கு இந்தக் கிழவி கடிதம் எழுதுறான்னு நினைப்பே. போனுல பேசினா ஒண்ணு பிள்ளை என் பக்கத்துல நிக்கும், இல்லாட்டி மகேஸ்வரி உன் பக்கத்துல நிப்பா, நான் சொல்லப்போறது அவ அம்மாவைப் பத்தினது. அதுவும் போக, பேச ஆரம்பிச்சா எனக்குத் தோதா மாத்திப் பேசிருவேன், என் குணம் உனக்கே தெரியும். எழுத்துல அப்படி மாத்தினா அடிச்ச இடம் அப்படியே தெரியும், அதான் எழுதுறேன். பக்கத்து வீட்டு சௌகத் அலி அண்ணன் மகன் முகமது பாரூக் லீவு முடிஞ்சு இன்னைக்குச் சாயங்காலம் மஸ்கட்டுக்குக் கிளம்புறான், நாளைக்கு இது உன் கையில இருக்கும். இதோட இட்லிப்பொடி ஒரு டப்பா, மகேஸ்வரிக்கு உள்பாவாடை ரெண்டு, உனக்குப் பூண்டு ஊறுகாய் எல்லாம் பாரூக் பையில வச்சிருக்கேன். அஞ்சாப்போட நின்னவ எழுத்து, கோணலா இருக்கும், பொறுத்துப் படி.

ஆத்தூர் அணையில தண்ணி கிடக்கிறதால குழாயில நாலு நாளைக்கு ஒரு தரம் ஒழுங்கா வருது. ஆடி மாசம்னு தையலும் குறையல, கோயில் கொடைக்குப் போடணும்னு சின்னப் பிள்ளைக கவுனும் பாவாடையுமா வந்து குமியுது. உனக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு, ஏசி நேரா முதுகுல படுற மாதிரி படுக்காதேன்னு எத்தனை தரம் சொல்றது. மகேஸ்வரிக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி போட்டா மறுநாள் நீ சோறு வடிச்சு வை, அவ வந்து வடிப்பான்னு உட்கார்ந்திருக்காதே, உங்கப்பா கிட்ட இருந்து அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வந்திராதே. சரி, இதெல்லாம் போனுலயே சொல்லலாம். விஷயத்துக்கு வாரேன்.

நேராவே சொல்லிர்றேன் ராசா. உன் மாமியா பொன்னழகு மதினி மேல எனக்குப் பொறாமை. சும்மா லேசுப்பட்ட பொறாமை இல்ல, சோறு இறங்காத பொறாமை. பிள்ளையை நாலு வயசுல என் கையில குடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் பிளேன் ஏறினீக. வாந்தி எடுத்தப்ப ஏந்தினது இந்தக் கை, பேன் பார்த்தது இந்தக் கை, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனதும் இந்தக் கை. அப்ப மதினிக்கு டீச்சர் வேலை இருந்துச்சு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பழத்தோட வருவாக, பார்ப்பாக, போவாக. ரிட்டயராகி ரவுண்டு ரோட்டு வீட்டுல உட்கார்ந்ததும் பேத்தி ஞாபகம் வந்திருச்சு. பிள்ளை எட்டாவது வர்ற வரைக்கும் வளர்த்து விட்டுட்டேன், இப்ப வந்து கணக்கு சொல்லிக் குடுக்கிறேன்னு கூப்பிடுறாக. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கிட்டு அங்கே ஓடிருது. வந்தா வாய் ஓயாம அம்மாச்சி சொன்னாங்க, அம்மாச்சி வந்தாங்க, அம்மாச்சி சிரிச்சாங்க. என்னைப் பத்தி யாருகிட்டயாச்சும் சொன்னா அப்பத்தா சொல்லுச்சு, அப்பத்தா வந்துச்சு, அப்பத்தா தூங்குது. ஆடு வந்துச்சு மாடு வந்துச்சுங்கிற மாதிரி. ஒரு நாள் பொறுக்க முடியாம கேட்டே புட்டேன், ஏன்டி அவுகளுக்கு மட்டும் சொன்னாங்க, எனக்கு மட்டும் சொல்லுச்சான்னு. அதுக்கு அது சிரிச்சுக்கிட்டு, நீ என் அப்பத்தா, உன்னையப் போயி யாராச்சும் வாங்க போங்கன்னு சொல்லுவாங்களான்னு கழுத்தைக் கட்டிக்கிச்சு. செத்த நேரம் மனசு குளுந்துதான் போச்சு. பிறகு மிஷின்ல உட்கார்ந்து யோசிச்சா, மரியாதை அங்கே, கழுத்தைக் கட்டுறது இங்கே. எனக்கு ரெண்டும் வேணும். ரேங்க் அட்டையில கையெழுத்து போன பரீட்சை வரைக்கும் நான்தான் போட்டேன், பேச்சாயின்னு நாலு எழுத்தையும் நிறுத்தி நிதானமா எழுதுவேன். இந்தத் தரம் அட்டையைக் கேட்டா அம்மாச்சி போட்டுட்டாங்கங்குது, பார்த்தா பச்சை மையில இங்கிலீஷுல ஒரு கிறுக்கல், பேரா நூலான்னு தெரியல. இந்த நிலைமையிலதான் நீயும் மகேஸ்வரியும் போனுல, வர்ற ஜூன்ல ஒன்பதாவது, கணக்கு கஷ்டமா இருக்கும், மிஷின் சத்தத்துல படிக்க முடியாது, அவ அம்மாச்சி வீட்டுலயே இருந்து படிக்கட்டும்னு சொன்னீக. நான் சரி சரின்னுதான் சொன்னேன். போனை வச்சுட்டு ஒரு பாவாடையை முன் பின்னா மாத்தித் தைச்சுப் புட்டேன், முப்பது வருஷத்துல அப்படி நடந்ததில்ல.

பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர் வேலை ஒரு வருஷமாக் காலி. டிராயிங் வாத்தியார் ராயப்பராஜ் சார்கிட்ட பொறுப்பைக் குடுத்திருக்காக, பாவம் அவருக்குப் படம் போடத்தான் தெரியும். போன வருஷம் வரைக்கும் ஓட்டப்பந்தயத்துக்கு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோட்டுல நிறுத்தி விசில் ஊதி விட்டுருவாக, எல்லாம் உள்பக்கத்துக்கு இடிச்சுக்கிட்டு ஓடி விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு வரும். இந்த வருஷம் ஆளுக்கு ஒரு பாதைன்னு நாலு பாதை சுண்ணாம்புல போடணும்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாக. வெளிப் பாதையில ஓடுற பிள்ளைக்குச் சுத்து பெருசு, அதனால அதை அதுக்குத் தக்க முன்னால நிறுத்தணும், எம்புட்டு முன்னாலங்கிறதுதான் கணக்கு. ராயப்பராஜ் சார் யார்கிட்ட கேக்கிறதுன்னு முழிக்கவும் நம்ம ஜீவிதா எந்திரிச்சு, எங்க அம்மாச்சி கணக்கு டீச்சர் சார், அவங்க போட்டுத் தருவாங்கன்னு சொல்லிருச்சு. நான் கேக்கிறேன், அளக்கிறதே தொழிலா ஒருத்தி வீட்டுக்குள்ள டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், அது அந்தப் பிள்ளை கண்ணுக்குப் படல பாரு. மதினி மூக்குக்கண்ணாடியில தங்கச் செயினை மாட்டிக்கிட்டு, குடை பிடிச்சுக்கிட்டு மைதானத்துக்குப் போனாக. ரெண்டு நாள் கயிறு பிடிச்சு சுண்ணாம்புத் தூள் போட்டாக. எதிர்த்த வீட்டுப் பிள்ளை தமிழ்மதி வந்து, ஜீவிதா அம்மாச்சி எம்புட்டு அறிவு தெரியுமா பாட்டின்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போகுது.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் ஜீவிதா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி அந்தக் கோடுகளைக் காட்டுச்சு. அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது, வெள்ளை வெளேர்னு பெரிய பாவாடைக்கு நாலு வரிசை லேஸ் வச்ச மாதிரி. அப்படி நினைச்சதுதான், உடனே கண்ணு அளக்க ஆரம்பிச்சிருச்சு. பாதை எம்புட்டு அகலம்னு கேட்டேன், நாலடின்னு சொல்லுச்சு. ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் எம்புட்டு முன்னால நிறுத்திருக்காகன்னு கேட்டேன், பன்னிரண்டரை அடின்னு சொல்லுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. இது உனக்குப் புரியணும் பழனி, நிறுத்திப் படி. குடைப் பாவாடை வட்டமா வெட்டுவோம்ல, அதுல ஒரு வரிசை லேஸ் வச்சு, அதுக்கு நாலு இஞ்சு வெளிய தள்ளி இன்னொரு வரிசை வச்சா, வெளி வரிசைக்கு இருபத்தஞ்சு இஞ்சு லேஸ் கூடப் பிடிக்கும். கைப்பிள்ளை கவுனா இருந்தாலும் இருபத்தஞ்சுதான், கல்யாணப் பொண்ணு பாவாடையா இருந்தாலும் இருபத்தஞ்சுதான். பாவாடை எம்புட்டு பெருசுங்கிறதைக் கேக்கவே வேண்டாம், எம்புட்டு தள்ளுறோம்கிறதை மட்டும் கேட்டாப் போதும். ஏன்னு எனக்குத் தெரியாது, லேஸ் வாங்கி வாங்கித் தெரிஞ்சுக்கிட்டது. மைதானம் முழு வட்டம் இல்லையேம்பே. பாவாடையை நடுவுல ரெண்டாக் கிழிச்சு ரெண்டு பக்கமும் தள்ளி வச்சுட்டு, நடுவுல நேர்த்துணியை ஒட்டுப் போட்டா அதுதான் மைதானம். நேர்த்துணியில உள் வரிசையும் வெளி வரிசையும் ஒரே நீளம், கூடப் பிடிக்கிறதெல்லாம் அந்த ரெண்டு அரை வட்டத்துலதான். ஆக நாலு இஞ்சுக்கு இருபத்தஞ்சு இஞ்சுன்னா நாலடிக்கு இருபத்தஞ்சு அடி. மதினி போட்டது அதுல பாதி.

ஏன்டி பன்னிரண்டரைன்னு கேட்டேன். ராயப்பராஜ் சார் நானூறு மீட்டர் மைதானத்து அளவு போட்ட பேப்பர் ஒண்ணு கொண்டு வந்தாராம், அதுல இருபத்தஞ்சு அடின்னு இருந்துச்சாம், நம்ம மைதானம் ஒரு சுத்து இருநூறு மீட்டர்தான், பாதி மைதானம், அதனால அம்மாச்சி பாதியாக்கிட்டாங்கன்னு பெருமையாச் சொல்லுச்சு. பாதி மைதானம்தான், ஆனா பாதை பாதி இல்லையே, அதே நாலடிதானேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஏன்டி இது தப்பு மாதிரி இருக்கேன்னு அந்த அளவுக்குத்தான் வந்துச்சு. அதுக்குள்ள அது, ஐயோ அப்பத்தா, இது சுற்றளவு கணக்கு, உனக்கெல்லாம் புரியாது, அம்மாச்சிக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டு தமிழ்மதி கூட ஓடிருச்சு. திறந்த வாயை மூடினேன். வீட்டுக்கு வந்து பேப்பர்ல சோத்துத் தட்டை வச்சு ஒரு வட்டம், அண்டா மூடியை வச்சு ஒரு வட்டம் போட்டேன், ரெண்டுக்கும் நாலு இஞ்சு தள்ளி வெளி வட்டம் போட்டேன், நூலை வச்சு அளந்தேன். ரெண்டுலயும் இருபத்தஞ்சு இஞ்சும் ஒரு நூலளவும் கூட வந்துச்சு. சந்தேகமே இல்ல. அப்ப பிள்ளை அடுத்த அறையிலதான் உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருந்துச்சு. கூப்பிட்டுக் காட்டிருக்கலாம். மதினிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். காட்டல, போடல. நாளைக்கு ஊரே பார்க்கட்டும், அம்புட்டு சனத்துக்கு முன்னால அவுக கணக்கு கிழியட்டும்னு நினைச்சேன். இந்த வரியை எழுதுறதுக்குத்தான் ராசா இம்புட்டு தூரம் சுத்தி வந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, போன வாரத்துக்கு முந்தின வாரம். ஆனா நான் நினைச்ச மாதிரி ஒண்ணும் கிழியல. காலையில இருந்து ஒரு சுத்து ஓட்டம் ஆறு நடந்துச்சு, அதுல அஞ்சுல முதல் பாதையில ஓடின பிள்ளைதான் ஜெயிச்சது. சனம் என்ன பேசுச்சு தெரியுமா, முதல் பாதை ராசியான பாதையாம். ஒரு அம்மா குனிஞ்சு அந்தக் கோட்டுச் சுண்ணாம்பைத் தொட்டு மக நெத்தியில திருநீறு மாதிரி பூசி விடுறா. இன்னொருத்தி எம்மகளுக்கு ஒண்ணாம் நம்பர் சீட்டு விழுந்தா பழனி மலைக்கு வாரேன்னு வேண்டுறா. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயித்தெரிச்சல் ஒரு பக்கம். அந்த ஆறுல தப்பினது ஒரு ஓட்டம்தான், அது நம்ம பிள்ளை ஓடினது. மூணாவது பாதையில நின்னு, முதல் பாதைக்காரியை விட இருபத்தஞ்சு அடி கூட ஓடி, மூக்கு வித்தியாசத்துல ஜெயிச்சிருச்சு. அப்பவாச்சும் எனக்குப் புத்தி வந்திருக்கணும். கடைசி ஓட்டத்துக்குச் சீட்டு எடுத்தாக, ஜீவிதாவுக்கு நாலாவது பாதை விழுந்துச்சு, தமிழ்மதிக்கு முதல் பாதை. நாலாவது பாதைன்னா எழுபத்தஞ்சு அடி முன்னால நிக்க வேண்டிய பிள்ளை, முப்பத்தேழரை அடி பின்னால நிக்குது. நம்ம வாசல்ல இருந்து பாரூக் வீட்டு வாசல் தூரம். நான் சேரை விட்டு எந்திரிச்சேன் பழனி, சத்தியமா எந்திரிச்சேன். கொடிக்கம்பம் வரைக்கும் போயிட்டேன். அந்த நேரம் பார்த்து மைக்குல, இந்த ஓடுபாதையை அளந்து கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி பொன்னழகு அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறதுன்னு சொன்னாக. எல்லாரும் கை தட்டினாக. ஜீவிதா ஓட்டக் கோட்டுல நின்னுக்கிட்டே ரெண்டு கையையும் தூக்கித் தட்டுச்சு. மதினி பொன்னாடையோட என்னைப் பார்த்து, வாங்க மதினி, வந்து பக்கத்துல உட்காருங்கன்னு கையை ஆட்டினாக. நான் திரும்பி வந்து என் சேர்ல உட்கார்ந்தேன். விசில் ஊதினாக. பிள்ளை கடைசி வளைவுல காத்து மாதிரி வந்துச்சு, ஆனா தூரம் பத்தல. தமிழ்மதி முதல், இன்னொரு பிள்ளை ரெண்டாவது, நம்ம பிள்ளை மூணாவது. முதல் ரெண்டு பேரைத்தான் குறுவட்டப் போட்டிக்கு அனுப்புவாக, பத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடம் சேர்ந்து நடத்துறது, அதுக்குத்தான் அது ஆறு மாசமா விடியக்காலம் எந்திரிச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து அழுதிருந்தா நான் தாங்கிருப்பேன். அழுகல. அம்மாச்சி கோடு சரியாத்தான் போட்டாங்க, எனக்குத்தான் ஓட வரல அப்பத்தான்னு சொல்லிட்டு முகம் கழுவப் போயிருச்சு. மறுநாள் அஞ்சரைக்கு எந்திரிக்கல. அதுக்கு மறுநாளும் எந்திரிக்கல, முழிச்சுக்கிட்டே சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா, ஞாயித்துக்கிழமை பிள்ளை கடைக்குப் போன நேரம் பார்த்து உனக்குப் போன் போட்டேன். அந்த டீச்சர் போட்ட கோடு தப்பு, அதனாலதான் பிள்ளை தோத்துச்சு, கணக்கே தெரியாதவுக கிட்ட கணக்குப் படிக்க எப்படி விடுறதுன்னு கேட்டேன். நீயும் பதறிப்போயி, சரிம்மா, ஜீவிதா உன்கிட்டயே இருக்கட்டும், மகேஸ்வரிகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு வாக்குக் குடுத்தே. அன்னைக்குக் கேசரி கிண்டினேன். நீ குடுத்த வாக்குக்கு நான் கிண்டின கேசரியை அந்தப் பிள்ளை ஒரு வாய் தின்னுட்டு வச்சிருச்சு. அதுக்கடுத்த சனிக்கிழமை, வாசல்ல தமிழ்மதியை நிறுத்தி, நீ அனுப்பின ஊதா ஷூவை அதுகிட்ட நீட்டுது. நீதான் போட்டிக்குப் போற, உன் ஷூ கிழிஞ்சிருக்கு, எனக்கு இது இனிமே தேவைப்படாதுன்னு சொல்லுது. மிஷின்ல உட்கார்ந்தபடியே நான் அதைக் கேட்டேன். ஊசி விரல்ல ஏறினது கூடப் பிறகுதான் தெரிஞ்சுச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை அந்தத் தட்டு வட்டம் அண்டா மூடி வட்டம் போட்ட பேப்பரைச் சுருட்டிக்கிட்டு ரவுண்டு ரோட்டுக்குப் போனேன். பிள்ளையும் அங்கேதான் இருந்துச்சு. மறைக்காமச் சொல்றேன், போகும்போது கூட அவுக மூஞ்சி எப்படிச் சுருங்கப் போகுதுன்னு பார்க்கிற ஆசையும் இருந்துச்சு. பேப்பரை விரிச்சு லேஸ் கதையைச் சொன்னேன். மதினி பென்சிலை எடுத்தாக, பெரிய வட்டத்துல சின்ன வட்டத்தைக் கழிச்சாக, கழிச்சதும் மைதானத்து அளவே கணக்குல இருந்து அடிபட்டுப் போயிருச்சு, அந்த நாலடி மட்டும் மிச்சம் நின்னுச்சு. பென்சிலை வச்சுட்டு, ஐயோ மதினி, முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினவ பாதின்னா பாதின்னு போட்டுட்டேனேன்னு நெத்தியில கையை வச்சாக. பிள்ளை அந்தப் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அப்போ நான் மெதுவா ஓடலையான்னு கேட்டுச்சு. யாருகிட்ட கேட்டுச்சுன்னே தெரியல. பிறகு என் பக்கம் திரும்பி, அப்பத்தா உனக்கு இது எப்பத் தெரிஞ்சுச்சுன்னு கேட்டுச்சு. நேத்துத்தான் தோணுச்சுன்னு சொல்லிட்டேன். மதினி கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பார்த்தாக. நான் கொடிக்கம்பம் வரைக்கும் வந்து திரும்பிப் போனதைப் பார்த்த கண்ணு அது. காபி ஆறிரும் குடிங்க மதினின்னு டம்ளரைத் தள்ளி வச்சாக, அம்புட்டுத்தான். திங்கக்கிழமை காலையில அவுகளே பள்ளிக்கூடத்துக்குப் போயி, பிரேயர்ல அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் முன்னால, கோடு போட்டதுல தப்பு என்னோடது, கண்டுபிடிச்சது ஜீவிதாவோட அப்பத்தா பேச்சாயி அம்மாள்னு சொல்லிருக்காக. அதுக்கும் கை தட்டல். யாருக்குத் தெரியுமா, அவுகளுக்குத்தான். எம்புட்டு பெரிய மனசு இந்த டீச்சருக்குன்னு நாகல்நகரே பேசுது. தப்புப் போட்டதுக்குப் பொன்னாடை, தப்பை ஒத்துக்கிட்டதுக்குக் கை தட்டல், நான் என்னதான் செய்யிறது சொல்லு. பேரு பட்டியல் சனிக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதுமாம், அதனால கோட்டைத் திருத்திப் போட்டு நாளைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நாலு பிள்ளைகளையும் திரும்ப ஓட விடுறாக. தமிழ்மதி ஷூவைக் கொண்டு வந்து குடுத்துட்டு, இப்ப ஜெயிச்சுக் காட்டுடின்னு சவால் விட்டுட்டுப் போயிருக்கு, நல்ல பிள்ளை.

அந்தப் பார்வைதான் என்னைத் தூங்க விடல. திட்டிருந்தா நானும் திட்டிருப்பேன், சரிக்குச் சரியாப் போயிருக்கும். என்னைக் காட்டிக் குடுக்காம விட்டாக பாரு, அதை நான் எப்படித் திருப்பிக் குடுக்கிறது. நேத்து புதன்கிழமை காலையில சடை பின்னும்போது பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும், அதனாலதான் அந்த நேரத்தைப் பிடிச்சேன்னு வச்சுக்கோ. போட்டிக்கு முதல் நாளே எனக்குத் தெரியும்டி, உனக்குப் புரியாதுன்னு நீ சொன்னது சுட்டுச்சு, அவுக தோக்கட்டும்னு இருந்துட்டேன், நீ தோப்பேன்னு நினைக்கலன்னு சொன்னேன். நான் ரிப்பன் கட்டி முடிக்கிற வரைக்கும் அசையாம உட்கார்ந்திருந்துச்சு. பையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போச்சு. அங்கே நின்னு திரும்பி, பத்து நாளு அப்பத்தான்னு சொல்லுச்சு. அம்புட்டுத்தான், போயிருச்சு. அது தன்னை ஓட வராதவன்னு நினைச்சுக்கிட்டுச் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்த பத்து நாளு. சாயங்காலம் அம்மாச்சி வீட்டுக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வந்துச்சு, போட்டதைத் தின்னுச்சு, என்கிட்டப் பேசல. இன்னைக்கு விடியக்காலம் அஞ்சரைக்குக் கதவுச் சத்தம் கேட்டுச்சு. ஓடப் போயிருக்கு. எப்பவும் என்னை எழுப்பி வாசல்ல நிறுத்தி எண்ணச் சொல்லும், இன்னைக்கு எழுப்பல. நான் சன்னல் வழியாப் பார்த்தேன், தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்துச்சு, நல்லா ஓடுது ராசா, உங்கப்பா கால்.

அதனால பழனி, ஜூன் மாசத்துக்கு நீ எனக்குக் குடுத்த வாக்கு செல்லாது. பாதி உண்மையைச் சொல்லி வாங்கினது, அதை நானே திருப்பிக் குடுத்துட்டேன்னு வச்சுக்கோ. மகேஸ்வரிகிட்ட இந்தக் கடிதத்தை முழுசாப் படிச்சுக் காட்டு, ஒரு வரியும் விடாதே, அவ அம்மா மேல ஒரு குத்தமும் இல்லைன்னு அவளுக்குத் தெரியணும், தப்பா அளந்தாக, அளவைத் திருத்திட்டாக, அம்புட்டுத்தான். நான் சரியா அளந்து வச்சுக்கிட்டுத் தப்புச் செஞ்சேன். எங்கே இருக்கணும்னு பிள்ளைகிட்டயே கேளுங்க, நாங்க ரெண்டு கிழவிகளும் பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துக் கேளுங்க. ரவுண்டு ரோடுன்னு சொல்லுச்சுன்னா நானே பெட்டி கட்டிக் குடுத்துட்டு வருவேன். வயிறு எரியாதுன்னு மட்டும் நினைச்சிராதே, எரியத்தான் செய்யும், இந்த வயசுல புதுசா நல்ல குணம் வந்து உட்காராது. அங்கே இருந்தாலும் பாவாடை, யூனிபாரம், தீபாவளி கவுனு எல்லாம் நான்தான் தைப்பேன், அதுல யாரும் கை வைக்கக் கூடாது, அதை மட்டும் மகேஸ்வரிகிட்டக் கண்டிசனாச் சொல்லிரு.

நீயும் அவளும் கைகால் சுகத்தோட, மனசு ஒத்துப்போயி, போன இடத்துல நல்ல பேரோட நூறு வருசம் இருக்கணும், வீட்டு தெய்வம் துணை நிக்கும். ஊறுகாயைத் திறந்தா ஈரக் கரண்டி போடாதே. நாளைக்கு ஓட்டம் நம்ம நேரத்துக்கு நாலரை மணிக்கு, முடிஞ்சதும் போன் போடு. நான் மைதானத்துலதான் இருப்பேன், பின்னால நிப்பேன். முதல்ல பிள்ளைகிட்டப் பேசு, பிறகு பொன்னழகு மதினிகிட்டப் பேசு, அதுதான் மரியாதை. என்கிட்டக் கடைசியாப் பேசினாப் போதும், ஆனா அவுககிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருக்காதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு இல்ல, நாளைக்கு உன் மக என் மூஞ்சியைப் பார்க்குமான்னு காத்துக்கிட்டு இருக்கிற அம்மா,
பேச்சாயி